நிலையற்ற இடுப்பு முறிவும் ஆணித் தேர்வும்: குமரி மாவட்ட மூதாட்டி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது என்று வீட்டார் சொல்லும்போது, பெரும்பாலும் முறிந்திருப்பது தொடையெலும்பின் மேல்முனைதான். அதிலும் கழுத்துப் பகுதிக்குக் கீழே, பெரிய ட்ரொகாண்டர், சிறிய ட்ரொகாண்டர் எனப்படும் இரண்டு எலும்பு மேடுகளுக்கு இடையில் ஓடும் முறிவு பல துண்டுகளாகச் சிதறியிருந்தால் அதை நிலையற்ற முறிவு என்கிறோம். இவ்வகை முறிவுக்கு எந்த ஆணியை வைப்பது என்ற கேள்வி மருத்துவர்களிடையே மட்டுமின்றி நோயாளிகளின் குடும்பங்களிலும் இன்று எழுகிறது. அந்தக் கேள்விக்கு ஒரு நோயாளியிடம் எப்படி விடை தேடினோம், அந்த விடை ஓராண்டு கழித்து எப்படி நின்றது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன்; அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளிக்கு வயது 79. திருவட்டாறு வட்டாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மேட்டில் அமைந்த வீட்டில் மருமகளுடனும் பேத்தியுடனும் வசித்துவந்தார். மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். இளம் வயதில் பால்வெட்டுக்குப் போனவர். விழுவதற்கு முந்தைய நாள் வரை கைத்தடி இல்லாமல் நடந்தார். கோழிகளுக்குத் தீனி வைப்பதும், வீட்டுக்குக் கீழே உள்ள கிணற்றடிக்குப் படியிறங்கிப் போவதும் அவருடைய வேலைகளாக இருந்தன. விழுவதற்கு முன் நோயாளி எப்படி நடந்தார் என்பதைச் சேர்க்கைத் தாளில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவதுண்டு. ஆனால் சிகிச்சையின் குறிக்கோளைத் தீர்மானிப்பது அந்த வரிதான். படுக்கையிலேயே இருந்த ஒருவருக்கு வலி தீர்ந்தால் போதும் என்று நினைக்கலாம். கிணற்றடிக்கு நடந்துபோனவருக்கு அது போதாது.

சர்க்கரை நோய்க்கு ஒரு மாத்திரையும் ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரைகளும் எடுத்துவந்தார். ரத்த அழுத்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் வெளியேற்றும் தையசைடு வகையைச் சேர்ந்தது. விழுவதற்கு முந்தைய சில நாட்களாகக் காலையில் எழும்போது தலைசுற்றல் இருந்ததாக மருமகள் பின்னர் நினைவுகூர்ந்தார்.

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை வலுத்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை, பாசி பிடித்த பாறைப்படியில் இடதுபக்கமாக விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தார் நாற்காலியில் வைத்து அருகிலிருந்த வர்ம ஆசானிடம் தூக்கிச் சென்றனர். குமரி மாவட்டத்தில் இது இயல்பான முதல் அடி. சுளுக்குக்கும் மூட்டு நழுவலுக்கும் தலைமுறைகளாக ஆசான்மாரை நாடிய மக்கள், எலும்பு முறிவுக்கும் அங்கேதான் முதலில் போவார்கள். அன்று எண்ணெய்க் கட்டுப் போடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை தொடை மேலும் வீங்கியதையும் பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்ததையும் கண்ட அதே ஆசான், இது கட்டுப் போட்டால் நிற்காது, படம் எடுத்தாக வேண்டும் என்று குடும்பத்தாரிடம் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை காலை 8 மணியளவில் 108 ஆம்புலன்சில் எங்களிடம் வந்தார்.

வந்தபோது கண்டவை

இடதுகால் வலதுகாலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதத்தின் வெளிவிளிம்பு படுக்கையைத் தொடும் அளவுக்குக் கால் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. தொடையின் பின்புறம் முழங்கால் வரை ரத்தக்கட்டு கறுத்திருந்தது. நாக்கு வறண்டிருந்தது, நாடித்துடிப்பு 104. கூர்ந்த அறிவுடன் பேசினார். அவர் முதலில் கேட்டது இதுதான்: “மக்களே, இந்தக் காலு இனி தரையில ஊனுமா?”

எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோகும் முன்பே மயக்க மருத்துவர் இடுப்பின் முன்பக்கத்தில் நரம்பை மரக்கச்செய்யும் ஊசியைப் போட்டார். இதனால் இரண்டு பயன்கள் கிடைத்தன. வலி மருந்துகளை ஊசியாகத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் தேவை குறைந்தது. முதியவர்களுக்கு அந்த மருந்துகளே குழப்பநிலையை வரவழைக்கக்கூடும். அதோடு, காலை மெல்ல இழுத்து உட்புறமாகத் திருப்பி இன்னொரு படம் எடுக்க முடிந்தது. முதல் படத்தில் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதால் முறிவின் உண்மையான வடிவம் மறைந்திருக்கும். இழுத்து எடுத்த படத்தில்தான் அது வெளிப்படும்.

அந்தப் படத்தில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டோம். சிறிய ட்ரொகாண்டர் தனித்துண்டாகப் பிரிந்து உட்பக்கத் தாங்குதளம் இல்லாமல் போயிருந்தது. பெரிய ட்ரொகாண்டரின் பின்பகுதியிலும் ஒரு துண்டு விலகியிருந்தது. ட்ரொகாண்டருக்குக் கீழே தொடையெலும்பின் வெளிச்சுவர் முறியாமல் நின்றது என்றாலும், அதன் தடிப்பு ஏறத்தாழ 17 மி.மீ. மட்டுமே இருந்தது. நான்காவதாக, அவருடைய எலும்பின் கழுத்து குறுகலாக இருந்தது. முறிவுக்கோடு தண்டுப்பகுதிக்குள் இறங்கியிருக்கவில்லை. எலும்பு முறிவுகளை வகைப்படுத்தும் பன்னாட்டு முறையான ஏ.ஓ. வகைப்பாட்டின்படி இது 31-ஏ2. 2018-ல் திருத்தப்பட்ட அந்த வகைப்பாட்டில், வெளிச்சுவரின் தடிப்பு 20.5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அது நிலையற்ற முறிவு எனக் கொள்ளப்படுகிறது.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6, சோடியம் 126, சர்க்கரை 212, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 0.8. கழுத்துக்குள்ளே ஏற்படும் முறிவைப் போலன்றி, இந்த வகை முறிவில் ரத்தம் தொடைத் தசைகளுக்குள் கசிந்து தேங்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலேயே ஹீமோகுளோபின் இறங்கிவிடும். இரண்டு இரவுகள் கழித்து வந்தவரிடம் 7.6 என்ற எண் எதிர்பார்க்கக்கூடியதே. சோடியம் குறைவுக்குத் தையசைடு மாத்திரையே காரணம் என்று கணித்தோம். காலைநேரத் தலைசுற்றலுக்கும், ஒருவேளை அந்த வீழ்ச்சிக்குமே அது காரணமாக இருந்திருக்கலாம்.

எப்போது செய்வது

அன்று இரவே செய்துவிடலாமா, எல்லா எண்களும் சரியாகும்வரை காத்திருப்பதா என்ற விவாதம் எழுந்தது. காத்திருப்பது பாதுகாப்பானது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாக இருக்கிறது. இந்த நோயாளிகளிடம் அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரலில் சளி, முதுகில் புண், காலில் ரத்த உறைவு, மனக்குழப்பம் ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. மயக்கவியல் வழிகாட்டுதல்கள் தள்ளிப்போடுவதற்கு ஏற்கும் காரணங்கள் சிலவே: ஹீமோகுளோபின் 8-க்குக் கீழ், சோடியம் 120-க்குக் கீழ் அல்லது 150-க்கு மேல், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு, திருத்தக்கூடிய இதயத்துடிப்புக் கோளாறு, உடலெங்கும் பரவிய நெஞ்சுத்தொற்று போன்றவை. இவருக்கு ஹீமோகுளோபின் மட்டுமே அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. சோடியம் 126 என்பது கவனிக்க வேண்டிய எண்தான். ஆனால் அதற்காக அறுவையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

மறுபக்கம், முதல் இரவே அவசரமாகச் செய்வதற்கும் காரணம் இல்லை. 2020-ல் வெளியான, 17 நாடுகளில் ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் நடந்த ஹிப் அட்டாக் ஆய்வில், சில மணி நேரத்துக்குள் செய்யப்பட்ட அறுவை உயிரிழப்பைக் குறைக்கவில்லை. ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, நோயாளிகள் முன்னதாக எழுந்து நடந்தனர். எனவே வந்ததிலிருந்து 36 மணி நேரத்துக்குள் என்ற இலக்கை வைத்துக்கொண்டோம். தையசைடு மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. உப்புநீர் மெதுவாக ஏற்றப்பட்டது. சோடியத்தை வேகமாக உயர்த்துவது மூளைக்கு ஆபத்து என்பதால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தோம். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஹீமோகுளோபின் 9.4, சோடியம் 131. முற்பகல் 11 மணிக்கு அவர் அறுவை அரங்கில் இருந்தார்.

எந்த ஆணி: ஒப்பீடும் முடிவும்

திங்கட்கிழமை மாலை குடும்பத்தாருடன் அமர்ந்து பேசினோம். மகன் தொலைபேசியில் இருந்தார். திருவனந்தபுரத்தில் உள்ள உறவினர் ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி அவர்கள் கையில் இருந்தது. வெளிநாட்டு ஆணியா, இந்திய ஆணியா என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. அது நியாயமான கேள்விதான், ஆனால் வரிசையில் கடைசியாகக் கேட்க வேண்டியது என்று சொல்லி, எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, நாங்கள் யோசித்த வரிசையிலேயே அவர்களுக்கும் விளக்கினோம்.

முதலில் தட்டும் திருகாணியும். டி.ஹெச்.எஸ். எனப்படும் இந்தச் சாதனம், நிலையான முறிவுகளுக்கு இன்றும் முதல்தரமான, செலவு குறைந்த தீர்வு. கழுத்துக்குள் போகும் தடித்த திருகாணி, தொடையின் வெளிப்புறத்தில் பதியும் தட்டோடு இணைந்து, நோயாளி கால் ஊன்றும்போது சறுக்கி, முறிவை இறுக்கும். ஆனால் அந்தத் திருகாணிக்காக வெளிச்சுவரில் பெரிய துளை போட வேண்டும். 17 மி.மீ. சுவரில் அந்தத் துளை போடும்போதே, அல்லது அடுத்த சில நாட்களில், சுவர் உடைந்துவிட வாய்ப்பு அதிகம். சுவர் உடைந்தால் தலைப்பகுதி தடுப்பாரின்றி வெளிப்புறமாகச் சறுக்கிக்கொண்டே போகும், கால் குட்டையாகும். ஆகவே தட்டு இவருக்கு ஏற்றதல்ல. அருகிலேயே நிலையான முறிவுடன் இன்னொரு நோயாளி படுத்திருந்தார், அவருக்குத் தட்டே வைக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். விலை உயர்ந்தது என்பதால் ஆணி எல்லோருக்கும் சிறந்ததாகிவிடாது.

அடுத்தது, மஜ்ஜைக் குழிக்குள் இறங்கும் ஆணிகள். எலும்பின் உள்ளேயே நிற்பதால் உடலின் எடை விழும் கோட்டுக்கு இவை நெருக்கமாக இருக்கின்றன. ஆணியின் மேல்பகுதியே வெளிச்சுவரின் வேலையைச் செய்து, தலைப்பகுதி அளவுக்கு மீறிச் சறுக்காமல் தடுக்கிறது. உட்பக்கத் தாங்குதளம் போய்விட்ட முறிவில் இந்த இரண்டும் முக்கியம்.

ஆணிகளுக்குள் எது? நம் நாட்டில் நெடுங்காலமாகப் பரவலாக இருப்பது, கழுத்துக்குள் இரண்டு தனித்தனித் திருகாணிகளைச் செலுத்தும் பி.எஃப்.என். கீழே 8 மி.மீ. அளவில் சுமை தாங்கும் திருகாணி, மேலே 6.4 மி.மீ. அளவில் தலை சுழலாமல் தடுக்கும் திருகாணி என்பது இங்கு வழக்கமான அளவு. நன்கு அகன்ற கழுத்தும் ஓரளவு உறுதியான எலும்பும் உள்ளவர்களிடம் இது நன்றாகவே நிற்கிறது. என் பயிற்சிக் காலத்தில் நான் கற்ற ஆணியும் இதுதான். குறுகலான கழுத்தில் இரண்டையும் நுழைக்க முயலும்போது, ஒன்று சரியான இடத்தில் அமர்ந்தால் மற்றது விளிம்புக்குத் தள்ளப்படும். மெலிந்த எலும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடக்கும்போது ஒரு திருகாணி மூட்டை நோக்கி உள்ளே ஏறவும் மற்றது வெளியே பின்வாங்கவும் கூடும். மேலே உள்ளது உள்ளேறினால் இசட் விளைவு என்றும், கீழே உள்ளது உள்ளேறினால் தலைகீழ் இசட் விளைவு என்றும் இதை அழைக்கிறார்கள். இவருடைய கழுத்தின் அகலத்தைப் படத்தில் அளந்து பார்த்து, இரண்டு திருகாணிகளுக்கும் பாதுகாப்பான இடம் இல்லை என்று முடிவு செய்தோம்.

பி.எஃப்.என்.ஏ. ஆணியில் இரண்டு திருகாணிகளுக்குப் பதிலாக ஒரே ஒரு சுருள் பிளேடு உண்டு. திருகாணிக்குத் துளையிடும்போது எலும்புத்தூள் வெளியே வந்துவிடுகிறது. பிளேடோ தட்டித் தட்டி உள்ளே இறக்கப்படுவதால், அது போகும் வழியில் உள்ள பஞ்செலும்பு சுற்றிலும் அழுந்தி இறுகுகிறது. எலும்பே குறைவாக உள்ளவரிடம் இருப்பதை இழக்காமல் பயன்படுத்திக்கொள்வது இதன் பலம். ஆசிய மக்களின் எலும்பு அமைப்புக்காக மாற்றியமைக்கப்பட்ட பி.எஃப்.என்.ஏ.-2-ல் ஆணியின் மேல்வளைவு 6 பாகையிலிருந்து 5 பாகையாகக் குறைக்கப்பட்டு, வெளிப்பக்கம் தட்டையாக்கப்பட்டது. முந்தைய வடிவம், சிறிய உடலமைப்புள்ளவர்களிடம் வெளிச்சுவரை உள்ளிருந்து முட்டித் தள்ளியதே இந்த மாற்றத்துக்குக் காரணம். 48 கிலோ எடையுள்ள, மெல்லிய வெளிச்சுவர் கொண்ட இவருக்கு அந்த மாற்றம் நேரடியாகப் பொருந்தியது.

இண்டர்டான் வகை ஆணியையும் பேசினோம். இதில் இரண்டு திருகாணிகள் ஒன்றோடொன்று பல் கோத்து நிற்பதால் தனித்தனியே நகர்வதில்லை. தலை சுழல்வதைத் தடுப்பதில் வலுவானது. ஒப்பீட்டு ஆய்வுகள் பலவற்றில் எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் தோல்வி இதில் குறைவாகப் பதிவாகியுள்ளது. ஆனால் நோயாளி எவ்வளவு நன்றாக நடக்கிறார் என்ற அளவுகோலில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அறுவை நேரமும் ரத்த இழப்பும் சற்றுக் கூடுதலாக இருக்கின்றன. குறுகிய கழுத்தில் அதன் பருமன் எங்களுக்குத் தயக்கம் தந்தது. ரத்தம் ஏற்கெனவே குறைந்திருந்தவரிடம் கூடுதல் நேரத்தை நாங்கள் விரும்பவில்லை.

நீளத்தைப் பொறுத்தவரை, முறிவு தண்டுக்குள் இறங்காததால் குட்டை ஆணியே போதும். நம் ஊர் மூதாட்டிகள் பலரிடம் தொடையெலும்பு முன்பக்கமாக வில்போல் வளைந்திருக்கும். நீண்ட ஆணியின் நுனி அந்த வளைவின் முன்சுவரில் இடித்து, பின்னாளில் அங்கேயே எலும்பு முறிய வாய்ப்புண்டு. இவருடைய பக்கவாட்டுப் படத்தில் அந்த வளைவு நன்றாகத் தெரிந்தது.

கடைசியாக, குடும்பத்தாரின் கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைத்தது இந்தியாவில் தயாரிக்கப்பட்ட டைட்டானியம் ஆணி. அதையே பரிந்துரைத்தோம். எந்த நிறுவனத்தின் ஆணியாக இருந்தாலும், முறிவு சரியாகப் பொருத்தப்படாமலோ பிளேடு தவறான இடத்திலோ இருந்தால் அது எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கடன் வாங்கி ஆணிக்குச் செலவழிப்பதைவிட, அந்தப் பணத்தை அவருக்குச் சத்தான உணவுக்கும் வீட்டுப் படிக்கட்டுக்குக் கைப்பிடி அமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மகனிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்து, “சரி சார், உங்க அம்மைன்னா எதை வைப்பீங்களோ அதையே வையுங்க” என்றார்.

அறுவை அரங்கில்

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, இழுவை மேசையில் படுக்க வைத்தோம். காலை நீட்டி இழுத்து, உட்புறமாகச் சற்றே திருப்பியதும் சி-ஆர்ம் எனும் எக்ஸ்ரே கருவியின் திரையில் முன்பின் தோற்றம் அழகாக அமைந்தது. கழுத்துக்கும் தண்டுக்கும் இடையிலான கோணம் 132 பாகை. அவசரமாகப் பார்த்தால் இத்துடன் கீறலைத் தொடங்கிவிடலாம். ஆனால் பக்கவாட்டுத் தோற்றத்தில் தலைத்துண்டின் முன்விளிம்பு, தண்டின் முன்விளிம்புக்குப் பின்னால் மஜ்ஜைக் குழிக்குள் விழுந்து கிடந்தது.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். உட்பக்கத் தாங்குதளம் சிதறிய முறிவில், எலும்போடு எலும்பு முட்டி நிற்கக்கூடிய ஒரே உறுதியான இடம் முன்-உள் விளிம்புதான். தலைத்துண்டின் விளிம்பு தண்டின் விளிம்புக்குச் சமமாகவோ சற்று முன்னாலோ இருந்தால், நோயாளி காலை ஊன்றும்போது துண்டு சில மில்லிமீட்டர் சறுக்கியதும் விளிம்பில் முட்டி நின்றுவிடும். உள்ளே விழுந்து கிடந்தால் முட்டுவதற்கு எதுவும் இல்லை. அது சறுக்கிக்கொண்டே போகும், கோணம் சாயும், பிளேடு மேல்நோக்கிக் கிழிக்கும். அப்போது எல்லோரும் ஆணியைக் குறைசொல்வார்கள்.

தொடையை அடியிலிருந்து தாங்கித் தூக்கிப் பார்த்தோம், துண்டு வரவில்லை. முன்பக்கத்தில் விரல் நுழையுமளவு ஒரு சிறு கீறல் போட்டு, வளைந்த இடுக்கியின் மழுங்கிய முனையை எலும்பின் மேற்பரப்பை ஒட்டியே முறிவுக்குள் செலுத்தி, தலைத்துண்டை நெம்பி முன்னால் கொண்டுவந்தோம். நெம்பிய கையை உதவி மருத்துவர் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க, திரையில் இரு விளிம்புகளும் ஒரே கோட்டுக்கு வந்தன. பிளேடு முழுமையாக உள்ளே போகும்வரை அந்த இடுக்கி எடுக்கப்படவில்லை.

ஆணி நுழையும் புள்ளியைப் பெரிய ட்ரொகாண்டரின் உச்சிக்குச் சற்று உட்புறமாக எடுத்தோம். வெளிப்புறமாகப் போனால் ஆணி உள்ளே இறங்கும்போது, விறகில் ஆப்பு இறங்குவதைப் போல, தலைத்துண்டையும் தண்டையும் அகட்டிவிடும். மேல்பகுதியைக் குடையும்போது ட்ரொகாண்டரை வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தோம். பிளேடுக்கு வழிகாட்டும் கம்பி இரண்டு தோற்றங்களிலும் தலையின் மையத்தில் இருப்பதை உறுதி செய்த பிறகே பிளேடு தட்டப்பட்டது.

பிளேடின் முனைக்கும் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தை இரு படங்களிலும் அளந்து கூட்டிச் சொல்லும் அளவு ஒன்று உண்டு. 1995-ல் பாம்கார்ட்னரும் அவருடைய சகாக்களும் 198 முறிவுகளை ஆராய்ந்து, அந்தத் தூரம் 25 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்த எவருக்கும் திருகாணி கிழித்துக்கொண்டு வரவில்லை என்று காட்டினர். அந்த ஆய்வு திருகாணிகளைப் பற்றியது. சுருள் பிளேடை மூட்டுக்கு மிக அருகே கொண்டுபோனால் அது நேராக முன்னேறி மூட்டுக்குள் துளைக்கக்கூடும். எனவே 20-க்கும் 25-க்கும் இடையில் வைத்துக்கொள்வதே எங்கள் வழக்கம். இவருக்கு 22 மி.மீ. அமைந்தது. இழுவையைத் தளர்த்தி, துண்டுகளை இறுக்கி, கீழே ஒரு பூட்டுத் திருகாணி போட்டு முடித்தோம். மீண்டும் ரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை.

அதன் பிறகு

புதன்கிழமை காலை கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, பிற்பகல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தோம். காலை எவ்வளவு ஊன்ற முடியுமோ அவ்வளவு ஊன்றலாம் என்று சொன்னபோது மருமகள் அஞ்சினார். எடையைப் போடாமல் காலைத் தூக்கி நடக்கச் சொல்வது முதியவர்களால் முடியாத காரியம். அப்படிச் சொன்னால் அவர்கள் நடக்காமலேயே இருந்துவிடுவார்கள். ஊன்றுவதைத் தாங்கும் அளவுக்கு முறிவைப் பொருத்துவதுதான் அறுவையின் நோக்கமே.

இரண்டாம் நாள் மாலை குழப்பம் வந்தது. இறந்துபோன கணவரை அழைத்தார், ரத்தக் குழாய் ஊசியைப் பிடுங்கினார். தூக்க மருந்து கொடுக்காமல், சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்து, அவருடைய கண்ணாடியை வீட்டிலிருந்து கொண்டுவரச் செய்து, ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினோம். இரவில் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாட்களில் தெளிந்தார். ஆறாம் நாள் வாக்கரில் கழிப்பறை வரை தனியே நடந்தபின் வீட்டுக்கு அனுப்பினோம்.

வைட்டமின் டி அளவு 14 மட்டுமே இருந்தது. அதை வாரமொருமுறை மருந்தால் உயர்த்தி, ஆறாவது வாரத்தில், சிறுநீரகச் செயல்பாடு போதிய அளவில் இருப்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு, எலும்பு மெலிவுக்கான ஜோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி. ஊசி ஏற்றினோம். இடுப்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களிடம் ஆண்டுக்கொருமுறை இந்த ஊசி புதிய முறிவுகளை 35 சதவீதமும் இறப்பை 28 சதவீதமும் குறைத்ததாக 2007-ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆணி முறிந்த ஓர் இடத்தைத்தான் காக்கிறது. மறுபக்கத்து இடுப்பையும் முதுகெலும்பையும் காப்பது இந்த மருந்து. இத்தனைக்குப் பிறகும் நம் மாவட்டத்தில் ஆணியோடு வீடு திரும்பும் பலருக்கு எலும்பு மெலிவுக்கான மருந்து எழுதப்படுவதே இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம்.

ஆறாவது வாரப் படத்தில் பிளேடு 4 மி.மீ. பின்வாங்கியிருந்தது. முன்விளிம்பு முட்டி நின்றிருந்தது. கோணம் 130 பாகை. மூன்றாம் மாதம் முறிவு கூடியதற்கான அடையாளங்கள் தெரிந்தன. வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறினார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து தொடைத் தசைகளுக்கான பயிற்சிகளைக் கற்பித்தது பேருதவியாக இருந்தது. மேட்டு வீட்டிலிருந்து ஆட்டோ வரும் சாலை வரை இறங்கி வருவதே அவருக்கு அந்த மாதங்களில் பெரும்பாடு.

ஓராண்டு முடிவில் படத்தில் மேலும் மாற்றம் இல்லை. கைத்தடியுடன் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் தனியே நடக்கிறார். கோழிகளுக்குத் தீனி வைக்கிறார். கிணற்றடிக்கு இறங்குவதில்லை. இடதுபக்கம் சரிந்து படுத்தால், பின்வாங்கிய பிளேடின் முனை உறுத்துகிறது. ஆணியை எடுத்துவிடலாமா என்று குடும்பத்தார் கேட்டனர். எடுத்தால் மெலிந்த கழுத்தில் வெற்றிடம் விழுந்து மீண்டும் முறியும் அபாயம் உண்டு என்பதால் வேண்டாம் என்று விளக்கினோம். விழுவதற்கு முந்தைய நிலை முழுமையாகத் திரும்பவில்லை. இந்த வயதில் இந்த முறிவுக்குப் பின் பாதிப்பேருக்காவது அது திரும்புவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே குடும்பத்தாரிடம் சொல்லியிருந்தோம்.

மாற்றிக்கொண்டவை

நரம்பை மரக்கச்செய்யும் ஊசியும் அதன்பின் காலை இழுத்து எடுக்கும் படமும் முன்பு மயக்க மருத்துவர் கிடைக்கும்போது மட்டும் நடந்தன. இப்போது அவசரப் பிரிவின் பணிமருத்துவர்களுக்கே அந்த ஊசியைப் போடப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. வெளிச்சுவரின் தடிப்பும் கழுத்தின் அகலமும் அளக்கப்பட்டு நோயாளியின் தாளில் எழுதப்படாமல் ஆணிக்கு வேண்டுகோள் அனுப்பப்படுவதில்லை. இதனால் நிலையான முறிவுகளுக்குத் தட்டு வைப்பது எங்களிடம் மீண்டும் கூடியிருக்கிறது.

வீழ்ச்சிக்கு முந்தைய மாத்திரைப் பட்டியலைச் சேர்க்கை நாளிலேயே வரிக்கு வரி பார்க்கிறோம். தையசைடு, தூக்க மாத்திரை, எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கச் செய்யும் மருந்துகள் ஆகியவை தனியே குறிக்கப்படுகின்றன. எலும்பு மெலிவு ஊசிக்கான தேதி, தையல் பிரிக்கும் தேதியோடு சேர்த்தே வீடு திரும்பும் சீட்டில் எழுதப்படுகிறது. படிக்கட்டும் கழிப்பறையும் எப்படி இருக்கின்றன என்று கைப்பேசியில் படம் எடுத்துவரக் குடும்பத்தாரைக் கேட்டு, கைப்பிடி எங்கே வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் குறித்துக் கொடுக்கிறார். குமரியில் மழைக்காலம் ஆண்டுக்கு இரண்டு என்பதால் பாசி பிடித்த படி இங்கே தீராத பிரச்சினை.

இந்த நோயாளியை அனுப்பிவைத்த ஆசானை நேரில் போய்ப் பார்த்தோம். விழுந்தபின் காலைத் தூக்க முடியாமல் பாதம் வெளியே சாய்ந்து கிடக்கும் முதியவரை, கட்டுப் போடாமல், தடவாமல், அன்றே அனுப்பிவிட வேண்டும் என்பதில் அவருக்கு எங்களோடு கருத்து வேறுபாடு இல்லை. அப்படிப்பட்டவரைத் தூக்கும்போது இரு கால்களையும் தலையணையோடு சேர்த்துக் கட்டும் முறையை அவருடைய சீடர்களுக்குச் செய்து காட்டினோம். அதன் பிறகு அவரிடமிருந்து வந்த இரண்டு நோயாளிகள் விழுந்த அன்றைக்கே எங்களை வந்தடைந்தனர்.